மேற்கு ஜன்னல் கர்ட்டன்

டங்... டங்... டங்!

ஏணியின் உச்சிப்படியில் நின்று கர்ட்டன் வளையங்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உதட்டில் கவ்வியிருந்த கொக்கி நழுவித் தரையில் விழுந்து உருண்டது. ஜன்னல் சட்டத்தை இறுகப் பற்றிக்கொண்டு, “யாரு அது, காலங்காத்தால?” என்று கத்தினாள்.

“வண்டி வருது, வண்டி வருது! எல்லாரும் ஓரமா நில்லுங்க!”

பிளாட்பாரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புத் தடியால் அடித்துவிட்டு, ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் தூக்கியபடி உள்ளே நுழைந்தார் மைக்செட் அண்ணன். வண்டி எதுவும் வரவில்லை. வரவும் முடியாது. தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது ஜல்லியும் புல்லும் அந்த ஒரு துண்டு இரும்பும்தான்.

“ஏன் அண்ணே, கீழே தள்ளிக் கொல்லப் பாக்கறீங்களா?”

“ஸ்டேஷனுக்குள்ள வரும்போது மணி அடிக்காம எப்படி வர்றது தங்கச்சி? வீடா மாத்திட்டா மட்டும் அதுக்கு மரியாதை குறைஞ்சிடுமா?”

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கர்ட்டனின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டினாற்போல் தள்ளினாள். வேறு யார் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை, இந்த மனிதர் கண்ணில் மட்டும் படக்கூடாது.

ஊரில் அவளுக்குக் கர்ட்டன் அக்கா என்றுதான் பெயர். கடைத்தெருவில் அவள் கர்ட்டன் தைக்கும் கடை, அதை ஒட்டினாற்போல் கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடை. இரண்டு கடைக்கும் பின்னால் இரண்டே அறை. அங்கேதான் இத்தனை வருஷமும் குடித்தனம். ஊரார் வீட்டுக்கெல்லாம் அகல அகலமாகக் கர்ட்டன் தைத்துக் கொடுத்தவளுக்கு, சொந்த வீட்டில் மாட்ட ஒரு உருப்படியான ஜன்னல் இருந்ததில்லை. இப்போது இருந்தது. ஆள் மேல் ஆள் ஏறி நின்றாலும் எட்டாத உயரத்துக்கு, மேலே வளைவு வைத்த ஜன்னல். ஒரு காலத்தில் பயணிகள் தங்கும் அறையாக இருந்தது, இப்போது அவள் வீட்டு ஹால். டிக்கெட் கொடுத்த அறை சமையலறை. விளக்குகள் வைத்திருந்த அறை குளியலறை. சாமான் நிறுக்கும் தராசைக் கணவர் எடுக்க விடவில்லை. வருகிறவர்களை எல்லாம் அதில் ஏற்றி நிறுத்தி, “டிக்கெட் இல்லாம இவ்வளவு எடையா?” என்று கேட்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

இன்று மாலை உறவுக்காரர்களும் கடைத்தெருக்காரர்களும் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். விளக்கும் பாட்டும் மைக்செட் அண்ணன் பொறுப்பு. அவர் வேற்று ஆள் இல்லை, கணவரின் தங்கையைக் கட்டியவர். கூலி என்று பேச்செடுத்தாலே காதைப் பொத்திக்கொள்வார்.

அவர் வயரை நீட்டிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனதும் அவள் ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்தாள். உருண்டுபோன கொக்கியைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். 

அந்த ஸ்டேஷன் ஒரே நாளில் செத்துவிடவில்லை. முதலில் சரக்கு வண்டி நின்றது. பிறகு டிக்கெட் கொடுப்பவர் காலையில் மட்டும் தலையைக் காட்டினார், பிறகு அதுவும் இல்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஆளில்லாமல் முள் நின்ற இடத்திலேயே துருப்பிடித்தது. பெஞ்சுகளில் புறாக்கள் குடும்பம் நடத்தின. காலையில் ஒரு வண்டி, மாலையில் ஒரு வண்டி என்று மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலை வண்டியைத் தவறவிடாத ஒரு ஜீவன் உண்டென்றால் அது அவள் நாத்தனார், மைக்செட் அண்ணனின் மனைவிதான். பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஆஸ்பத்திரி வாசல்.

வண்டியை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் ஊர் கூடியது. கூட்டம் நடந்தது கர்ட்டன் கடையில். பேனருக்குத் துணி கொடுத்தது அவள். நல்ல கெட்டிப் பருத்தி. நீளமாக இணைத்து, நான்கு ஓரமும் மடித்து அடித்து, கயிறு கட்டக் கண் வைத்துக் கொடுத்தாள். எழுதியது மைக்செட் அண்ணன். கடைத்தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பெயின்ட்டில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஆள் அகலத்துக்கு. எங்கள் ரயிலை நிறுத்தாதே. கடைசி எழுத்துக்கு வரும்போது சிவப்பு தீர்ந்துபோனது. ‘தே’யை மட்டும் நீலத்தில் முடித்தார்.

“பரவாயில்ல தங்கச்சி, கடைசி எழுத்து கலர் மாறினா அதிகாரி இன்னொரு தடவை படிப்பான்” என்றார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அந்த வாரத்தில் ரயில்வே அலுவலகத்துக்காரர் ஒருவர் கர்ட்டன் வாங்கக் கடைக்கு வராமல் இருந்திருந்தால், கடைசிவரை நல்லபடியாகவே போயிருக்கும். துணியைத் தடவிப் பார்த்தபடி அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “லைன் போயிடுச்சுன்னா இந்த மாதிரி பழைய ஸ்டேஷனை எல்லாம் குடியிருக்கக் கொடுத்துடுவாங்கம்மா. நல்ல கட்டடம். ஆள்தான் கிடைக்காது.”

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் கெட்டது. கண்ணை மூடினால் அந்த ஜன்னல்கள். பேனரை எங்கே கட்டலாம் என்று பார்க்கப் போகிற சாக்கில் போய், யாரும் இல்லாத அறையில் நின்று, கையில் இருந்த டேப்பை ஜன்னலில் வைத்து அளந்தே விட்டாள்.

அதிகாரிகள் பார்வையிட வருகிற நாளும் வந்தது. ஊரே பிளாட்பாரத்தில் திரண்டிருந்தது. முந்தின மாலையே பேனரை மைக்செட் அண்ணனின் வேனில் ஏற்றியிருக்க வேண்டும். அவள் ஏற்றவில்லை. அது துணி வெட்டும் மேஜைக்கு அடியில் சுருண்டு கிடந்தது. மறந்தாளா, மறப்பதுபோல் இருந்தாளா என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை. தெரிந்தது அடுத்த நிமிஷம்தான். அவர் ஓடிவந்து, “தங்கச்சி, பேனர் எங்க?” என்று கேட்டார். வாய் தானாகச் சொன்னது:

“உங்க வேன்லதானே வெச்சேன் அண்ணே!”

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஆமா, வெச்சே. வெச்சேல்ல? நான்தான் எங்கேயோ விட்டுட்டேன்.” கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் கண்ணாடி தேடுகிற மனிதர் அவர். தன் மறதி மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அவள் வாயைத் திறந்து மாற்றிச் சொல்வதற்குள் கூட்டத்தின் நடுவில் போய் நின்று, “மன்னிச்சிடுங்க, பேனரை நான் தொலைச்சுட்டேன்” என்று கைகூப்பிவிட்டார்.

பேனர் இல்லாமல் நின்ற கூட்டம், யாரையோ வழியனுப்ப வந்த கூட்டம் மாதிரி இருந்தது. அதிகாரிகள் சிரித்துக்கொண்டே கையாட்டினார்கள். கொஞ்ச காலத்தில் வண்டி நின்றது.

ஒரு துணியாலா வண்டி நின்றது? அதெல்லாம் அவர்கள் முன்னாலேயே முடிவு செய்ததுதான். அவள் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்ட சமாதானம் இது. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து கடைத்தெருவில் அவருக்குப் புதுப்பெயர் வந்தது. “மைக்செட்டுகிட்ட பாட்டு கேளு, பொருளைக் கொடுத்து வைக்காதே” என்றார்கள். வீட்டில் அதைவிட மோசம். இப்போது நாத்தனார் இருட்டில் எழுந்து இரண்டு பஸ் மாறிப் போகிறாள். செருப்பை மாட்டும்போதெல்லாம் புருஷன் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் படியிறங்குவதில்லை.

பேனரை என்ன செய்வது? குப்பையில் போட்டால் யாராவது எடுப்பார்கள். எரிக்கக் கை வரவில்லை, தைக்கிறவள் கை அது. எதில் ஊறவைத்தும் பெயின்ட் போகவில்லை. கடைசியில் புது வீட்டுக் கர்ட்டனுக்கு உள்துணியாக வைத்துத் தைத்துவிட்டாள். எழுத்து இருக்கிற பக்கம் உள்ளே, முன்னால் வெளிர் சந்தன நிறத் துணி. கடையில் டியூப்லைட்டில் நாலு தடவை விரித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கர்ட்டனின் வயிற்றை யார் கிழித்துப் பார்க்கப் போகிறார்கள்?

பழைய டிக்கெட் ஜன்னலில் யாரோ தட்டினார்கள். சமையலறையில் தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தவள் குனிந்து பார்த்தாள். அரைவட்ட ஓட்டையில் மைக்செட் அண்ணனின் முகம்.

“ஒரு டீ, ரிட்டர்னோட.”

“ரிட்டர்ன் கிடையாது. குடிச்சா குடிச்சதுதான்.”

“இந்தா, முதல்ல இதைப் பிடி.” ஓட்டை வழியாக ஒரு பொட்டலத்தைத் திணித்தார். பாதியில் சிக்கிக்கொண்டது. அவள் இழுக்க, அவர் தள்ள, பிதுங்கி உள்ளே வந்து விழுந்தது. பிரித்தாள். கெட்டிப் பருத்தி. அதே அகலம்.

“என்ன அண்ணே இது?”

“உன் துணியைத் தொலைச்சேன்ல, அதுக்குப் பதில். அதே மாதிரி கிடைக்கணுமேன்னு கடை கடையா ஏறினேன். புது வீட்டுக்கு எதையாவது தைச்சுக்கோ. உன்கிட்ட கடன்பட்ட மாதிரி மனசுல ஒரு இது இருந்துச்சு. இன்னிக்கு விட்டுது.”

அவள் உடம்பெல்லாம் கூசியது. துணியைத் தொட்ட விரல்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

இப்போது சொல்லிவிடலாம். இருவர் மட்டும் இருக்கிறார்கள். நடுவில் ஒரு கண்ணாடி, கண்ணாடியில் ஒரு ஓட்டை. முகத்தை முழுசாகக் காட்டாமலே சொல்லலாம்.

“அண்ணே...”

“சொல்லு.”

“ஒரு விஷயம்...”

“சொல்லும்மா. பணம் ஏதாவது குறையுதா? கட்டட வேலை யாரை விட்டுது!”

டீ கிளாஸை ஓட்டை வழியாக நகர்த்தினாள்.

“சர்க்கரை போதுமான்னு பாருங்க” என்றாள்.

“உன் டீக்கு என்ன குறைச்சல்!” என்று கிளாஸை எடுத்துக்கொண்டு போனார். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். தூ, இதுவும் ஒரு பொம்பளையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மதியம் தாண்டியதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஹாலில் நாற்காலி போட்டார்கள். கணவர் வாசலில் நின்று, “டிக்கெட், டிக்கெட்” என்று கை நீட்டினார். மருந்துக்கடை அம்மாள் தராசில் ஏறிவிட்டு, முள்ளைப் பார்த்து, “இது பழைய தராசு, தப்பாத்தான் காட்டும்” என்று இறங்கினாள். “தராசு தப்பில்லம்மா, கண்ணாடியைத்தான் மாத்தணும். கடைக்கு வாங்க” என்றார் கணவர். மைக்செட் அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டார். “பயணிகளின் கனிவான கவனத்துக்கு! பிஸ்கட் வண்டி சமையலறையிலிருந்து புறப்பட்டு ஹாலுக்கு வந்துகொண்டிருக்கிறது!” அவள் பிஸ்கட் தட்டோடு நுழைந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

காலையில் அவள் கர்ட்டன் மாட்டிய மேற்கு ஜன்னல் வழியாக வெயில் அறையின் பாதிவரை நீண்டு கிடந்தது.

இத்தனை நாளும் அந்த ஜன்னலுக்கு வெளியே சரக்குக் கொட்டகை நின்றது. வெயில் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. போன வாரம்தான் மேஸ்திரி அதை இடித்துத் தள்ளினார், நல்ல காற்று வரும் என்று. இடிக்கச் சொன்னதும் அவள்தான். வேலை நடக்கும்போது காலையில் வந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவாள். இங்கே சாயங்காலம் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததே இல்லை. அவள் தைத்துப் பார்த்தது டியூப்லைட்டில். இப்போது ஜன்னலுக்கு வெளியே எரிவது சூரியன்.

நல்லவேளை, கர்ட்டன் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கயிற்றால் கட்டியிருந்தது. அவள் மெல்லப் போய் ஒரு கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டாள். மறுபக்கம் போவதற்குள் வாசலில் குரல் கேட்டது.

“என்ன அண்ணி, வீட்டுக்காரியாச்சே, எங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியுதா?”

நாத்தனார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். யூனிஃபார்ம் கசங்கியிருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது.

“வாம்மா, உக்காரு. என்ன இவ்வளவு நேரம்?”

“ரெண்டாவது பஸ் வரவே இல்ல அண்ணி. நின்னு நின்னு காலு மரமாயிடுச்சு.” பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். உத்தரத்தையும் ஜன்னலையும் சுற்றிப் பார்த்தாள். “இங்கதான் நான் உக்காந்து வண்டிக்குக் காத்திருப்பேன். அதே இடம். வீடு நல்லாத்தான் இருக்கு. ஒரு வண்டி மட்டும் வந்தா இன்னும் நல்லா இருக்கும்.” பிறகு புருஷனைப் பார்த்தாள். “இந்தப் புண்ணியவான் அந்தத் துணியைத் தொலைக்காம இருந்திருந்தா வந்தாலும் வந்திருக்கும்.”

“ஆரம்பிச்சுட்டாடா சாமி” என்றார் கணவர். “விடும்மா, மாப்பிள்ளை பாவம்.”

“அவரா பாவம்? என் காலைப் பாருங்க அண்ணா, அது பாவம்.”

சிலர் சிரித்தார்கள். மைக்செட் அண்ணனும் சிரித்தார். “தொலைச்சது நான்தான், ஒத்துக்கறேன். இப்பவும் வேனைக் கழுவும்போது சீட்டுக்கு அடியில கையை விட்டுப் பாக்கறேன். கிடைக்க மாட்டேங்குதே!”

சொல்லிவிட்டு வேண்டுமென்றே மைக்கைத் தட்டினார், பேச்சை மாற்ற. அவர் காது நுனி சிவந்திருந்தது. அதைப் பார்த்தவள் கர்ட்டன் அக்கா ஒருத்திதான். தான் போட்ட முடிச்சின் மேலேயே அவள் கை இருந்தது. இந்த நிமிஷம் வாயைத் திறந்தால் போதும். கூட்டத்தைப் பார்த்தாள். மருந்துக்கடை அம்மாள், கடைத்தெருக்காரர்கள், கணவரின் பெருமை வழிகிற முகம். எல்லோரும் போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தாள்.

“அப்பா, கண்ணைக் கூசுதே!” என்று மருந்துக்கடை அம்மாள் முகத்துக்கு நேரே கையை வைத்துக்கொண்டாள்.

“அடடா, கண்ணுக்கு ரொம்பக் கெடுதல்” என்று கணவர் எழுந்தார். கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண் என்றால் உயிர். “கர்ட்டன்காரி வீட்டுல வெயில் அடிக்கலாமா? இவ கைவேலையை நீங்க இன்னும் பாக்கவே இல்லையே. இருங்க, விரிச்சுக் காட்டறேன்.”

“வேண்டாங்க!”

குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“ஏன்?”

“காத்து... காத்து வராது.”

“காத்தா இப்ப முக்கியம்?” அவர் மறுபக்கக் கயிற்றை உருவிவிட்டு, அவள் போட்ட இரட்டை முடிச்சையும் முனகிக்கொண்டே அவிழ்த்தார். அவள் கை அதைப் பிடித்திருந்தது. “விடேன்” என்றார். பத்துப் பேர் பார்க்கையில் எவ்வளவு நேரம் பிடித்திருக்க முடியும்? விட்டாள்.

இரண்டு பக்கமும் சர்ரென்று நடுவில் வந்து சேர்ந்தன. உயரமான சந்தன நிறத் திரையைப் பார்த்து, “ஆகா” என்றார்கள்.



வெயில் துணியின் உள்ளே ஊறி நின்றது. சந்தன நிறத்துக்கு நடுவே, மேலிருந்து கீழாக, ஏதோ சிவப்பாக எழும்பியது. முதலில் பூ வேலை என்றுதான் நினைத்தார்கள். மருந்துக்கடை அம்மாள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் சாய்த்தார். நீளமான பேனரை நிறுத்திவைத்துத் தைத்திருந்தாள் அல்லவா, எழுத்தெல்லாம் படுத்துக்கிடந்தது. ஒருவர் பின் ஒருவராக அறையில் இருந்த அத்தனை தலையும் ஒரே பக்கம் சாய்ந்தன. வேறொரு வீடாக இருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

“எங்கள்... ரயிலை...” நாத்தனார் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அடுத்த திரைக்குப் பார்வை நகர்ந்தது. “நிறுத்தா...”

கடைசி எழுத்தை அவள் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியம் இல்லை. அது நீலமாக இருந்தது.

நாத்தனார் மெல்லத் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். கணவர் கயிற்றைக் கையில் பிடித்தபடி, தான் எதை இழுத்தோம் என்று புரியாமல் நின்றார். புரியத் தொடங்கியதும் அவர் பார்வையும் அவள் பக்கம் வந்தது. ஒவ்வொரு ஜோடிக் கண்ணாக வந்தது. கர்ட்டன் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பூமி பிளந்தால் தேவலை என்பார்களே, அந்தப் பழைய ஸ்டேஷனின் தரை பிளக்கவில்லை. மேஸ்திரி நன்றாகப் பூசியிருந்தார்.

அவள் பார்க்கப் பயந்தது ஒரே ஒரு முகத்தை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

மைக்செட் அண்ணன் ஜன்னலுக்கு அருகில் போயிருந்தார். அந்த நீல எழுத்தைத் துணியின் மேலாக விரலால் தடவிக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்தால் நன்றாக இருக்கும், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவர் முகத்தில், நெடுநாள் காய்ச்சல் விட்டவனுக்கு வருவதுபோல், ஒரு தெளிவு மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. கண் நிறைந்திருந்தது. கையில் இருந்த மைக்கை அணைக்க மறந்திருந்தார். அவர் வாய்க்குள் சொன்னது ஸ்பீக்கர் வழியாக ஹாலிலும் பிளாட்பாரத்திலும் வண்டியே வராத பாதை நெடுகிலும் கேட்டது.

“அப்போ... நான் தொலைக்கலையா, தங்கச்சி?”